அந்தப் பெட்டியைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி:

என் மகனுக்கு ஆறரை வயது. ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்து, ஆஸ்பத்திரித் தனியறையில் ஐந்து வாரம் இருந்து, வீட்டுக்கு வந்து இரண்டரை மாதம் ஆகிறது. மஜ்ஜை கொடுத்தது அவனுடைய அக்கா; அவளுக்குப் பத்து வயது. இன்னும் நான்கு மாதமாவது பள்ளிக்கூடம் கூடாது, மற்ற பிள்ளைகள் கூடாது, கூட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சொன்னபடி கேட்டு அவ்வளவு அமைதியாக இருந்த பிள்ளை, வீட்டுக்கு வந்த பிறகு கத்துகிறான், என்னை அடிக்கிறான், மறுபடியும் படுக்கையை நனைக்கிறான். விளையாடுவது ஒரே விளையாட்டுதான். பொம்மை மிருகங்களை ஒரு ஷூ பெட்டியில் போட்டு மூடி, "யாரும் வெளியே வரக்கூடாது, ரத்த ரிப்போர்ட் வரணும்" என்பான். உள்ளே இருக்கும் யானை மூடியை முட்டும். "நீ தப்புப் பண்ணினே, அதனாலதான் உள்ளே இருக்கே" என்று அதைத் திட்டுவான். தினமும் இதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போன வாரம் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது தலையணை உறைக்குள் போட்டு அடைக்கிறான். பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி வேண்டும் என்று படித்துவிட்டு அட்டவணை போட்டேன், நடக்கவில்லை. டேப்லெட்டே கதி என்று கிடக்கிறான். கொரோனா காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். இப்போது இவன் மட்டும் ஜன்னலில் நின்று பார்க்கிறான். இவன் மனம் பாதித்துவிட்டதா? பின்னால் மற்ற பிள்ளைகளோடு சேருவானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பெட்டி. அதைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். அட்டைப் பெட்டியைக் கழுவ முடியாது என்பதால், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது. கொடுக்கும்போது, "உன் பெட்டியை உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன், அது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம்.

நீங்கள் அதைத் தூக்கிப் போட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பெற்ற பிள்ளை, அவன் பட்டதையே பொம்மைகளுக்குச் செய்வதை இரண்டரை மாதமாகப் பக்கத்தில் இருந்து பார்ப்பது யாருக்கும் முடியாத காரியம். ஆனால் அந்த விளையாட்டில் நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஐந்து வாரம் அவனை ஒரு அறையில் வைத்து மூடினோம். எப்போது ஊசி, எப்போது மாத்திரை, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது, எல்லாவற்றையும் பெரியவர்கள்தான் முடிவு செய்தோம். அவன் கையில் எதுவுமே இல்லை. இப்போது மூடி அவன் கையில் இருக்கிறது. அடைபட்டிருப்பது யானை, அடைப்பவன் அவன். மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஒரு பிள்ளை, மனதுக்குள் இருப்பதை வெளியே எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ஆறு வயதில் அதைச் சொல்ல அவனிடம் வேறு மொழி கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, குழந்தைகளின் மனதை ஆராய்ந்த அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் வீடிழந்த, பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்காக ஹாம்ப்ஸ்டெட்டில் காப்பகங்கள் நடத்தினார்கள். அங்கிருந்த பிள்ளைகள் குண்டு போடும் விளையாட்டை விளையாடினார்கள் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவைப் பறிகொடுத்த ஒரு சின்னப் பையனின் விளையாட்டில் வீடுகள் இடியும், ஆனால் மனிதர்கள் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். அதை அவன் எத்தனை தடவை விளையாடியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லவேண்டும். பல வருஷத்துக்கு முன்னால், தனியறையில் இருந்த ஒரு பையனைத் தினமும் பார்க்கப் போவேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். கண்ணாடியில் எழுதி அழிக்கும் பேனாவால் அவன் பாதிப் படம் வரைவான், மீதியை நான் என் பக்கத்தில் வரைவேன். ஒருநாள் வரைய மாட்டேன் என்றான். என் காலடியைக் காட்டி, தரையில் ஒரு வட்டம் போடச் சொன்னான். போட்டேன். "உள்ளே நில்லுங்க. நான் சொல்றவரைக்கும் வெளியே வரக்கூடாது" என்றான். சரி என்று நின்றேன். அவன் போய்க் கட்டிலில் ஏறி டிவி பார்க்க ஆரம்பித்துவிட்டான். தாழ்வாரத்தில் போகிற வருகிற நர்சுகள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இருபது நிமிடம் இருக்கும். நடு நடுவே திரும்பி, நான் நிற்கிறேனா என்று பார்ப்பான். கடைசியில் இறங்கி வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "கால் வலிக்குதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எனக்கும் போரடிக்கும். சரி, போங்க" என்றான். அவன் அந்த அறையைப் பற்றி என்னிடம் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்கு முன் எத்தனையோ நாள், "எப்படி இருக்கே?" என்று கேட்டு, "நல்லா இருக்கேன்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

ஆனால் திரும்பத் திரும்ப விளையாடும் எல்லா விளையாட்டும் ஆற்றும் என்று சொல்லிவிட முடியாது. 1976 ஜூலையில் அமெரிக்காவில் சௌசில்லா என்ற ஊரில் பள்ளி பஸ்ஸிலிருந்து 26 பிள்ளைகளைக் கடத்தி, மண்ணுக்கடியில் புதைத்த ஒரு லாரிப் பெட்டிக்குள் சுமார் 16 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களில் சிலருடைய விளையாட்டு வேறு மாதிரி இருந்ததைக் கண்டார். சிரிப்பே இல்லாமல், ஒரு சொல்கூட மாறாமல், எத்தனை தடவை விளையாடினாலும் பயம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும் விளையாட்டு அது.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: விளையாட்டு நகர்கிறதா? ஒருநாள் யானை முட்டுகிறது, இன்னொரு நாள் சிங்கம் வந்து பேசுகிறது, ஒரு டாக்டர் வருகிறார், யாரோ மூடியைக் கொஞ்சம் திறந்து பார்க்கிறார்கள், பெட்டிக்குள் ஒரு பாட்டு கேட்கிறது என்று ஏதாவது மாறிக்கொண்டே வந்தால், விளையாடி முடித்தபின் அவன் கொஞ்சம் இளகி, பசிக்கிறது என்றோ தூக்கம் வருகிறது என்றோ சொன்னால், விடுங்கள், அவன் வேலையை அவன் பார்த்துக்கொள்கிறான். மூன்று வாரமாக அட்சரம் பிசகாமல் அதேதான், முகம் இறுகியே இருக்கிறது, முடித்தபின் இன்னும் அதிகமாக அடிக்கிறான், நீங்கள் கூப்பிட்டால்கூட அதிலிருந்து வர முடியவில்லை என்றால், உங்கள் சிகிச்சைக் குழுவிடம் சொல்லி, குழந்தைகள் மனநல நிபுணர் ஒருவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முதல் வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெட்டி போனதும் தலையணை உறையைத் தேடிக்கொண்டானே, அது சோர்ந்துபோன பிள்ளை செய்கிற காரியமாகத் தெரியவில்லை.

அடுத்ததாக, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, "நீ தப்புப் பண்ணினே, அதனாலதான் உள்ளே இருக்கே" என்ற வரி. யானையைத் திட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அதைத் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள், தான் செய்த ஏதோ ஒரு குறும்புக்கு, மனதில் நினைத்த ஏதோ ஒரு கெட்ட நினைப்புக்குத்தான் நோய் வந்தது என்று நம்புவது சாதாரணம். வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதனால் நீங்களே சொல்லுங்கள், நேராக, அவனுக்குப் புரிகிற மாதிரி: "நீ செய்த எதனாலும், சொன்ன எதனாலும், நினைத்த எதனாலும் இது வரவில்லை. இது உன்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது. உன் ரத்தத்தில் இருக்கும் காவல்காரர்கள் புதிதாக வந்தவர்கள், இன்னும் வேலை பழகவில்லை. பழகும்வரை நாம் ஜாக்கிரதையாக இருக்கிறோம்." ஒரு தடவை சொன்னால் போதாது. குளிப்பாட்டும்போது, படுக்க வைக்கும்போது என்று பல தடவை சொல்லவேண்டியிருக்கும். வெளியே போனால் கிருமி பிடித்துவிடும் என்று பயமுறுத்தி நிறுத்துவது அப்போதைக்கு வேலை செய்யும், ஆனால் நான்கு மாதம் கழித்து அதே வெளியேதான் அவனை அனுப்பப் போகிறோம்.

ஆஸ்பத்திரியில் அமைதி, வீட்டில் ரகளை. இதற்குக் காரணம் உங்கள் வளர்ப்பு இல்லை. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்து 1952-இல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் அழாமல் கிடக்கும் குழந்தையைச் 'சமர்த்து' என்று சொல்வார்கள். அது சமர்த்து இல்லை, அழுது பயனில்லை என்று ஓய்ந்துபோன நிலை என்று அவர் காட்டினார். ஆஸ்பத்திரிகளில் பெற்றோரைக் கூடவே இருக்கவிட வேண்டும், குழந்தைகள் விளையாட வழி செய்ய வேண்டும் என்ற மாற்றம் வந்ததற்கு அவருடைய வேலை ஒரு முக்கியக் காரணம். உங்கள் பையன் ஐந்து வாரம் அடக்கி வைத்ததை இப்போது உங்களிடம் கொட்டுகிறான். கொட்டினாலும் அம்மா போய்விட மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடிக்கும்போது கையைப் பிடித்து, "கோபம் வரலாம், அடிக்கக் கூடாது, இந்தத் தலையணையைக் குத்து" என்று நிறுத்துங்கள். அவன் ஓய்ந்தபின் அதைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம்.

படுக்கை நனைப்பதை மனசு சம்பந்தப்பட்டது என்று நானும் நீங்களும் முடிவு கட்டிவிடக் கூடாது. சிறுநீரில் தொற்று இருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறி அதனாலும் அடிக்கடி போகலாம். அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் போன் செய்து சொல்லிவிடுங்கள். அதேபோல, விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று எதுவும் வேண்டாம் என்று சுருண்டு படுத்தால், அது சோகம் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே உடம்புச் சூட்டைப் பாருங்கள், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். காய்ச்சல் இருந்தால் எந்த நேரமானாலும் பேசுங்கள்.

சரி, இனி எப்படி விளையாடுவது. அட்டவணையைக் கழற்றிவிடுங்கள். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது உண்மைதான், ஆனால் அதைப் புது மஜ்ஜை வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு உடம்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருக்கும் நாளில் குதித்து விழுவதும் மல்லுக்கட்டுவதும் ஆபத்து. மார்பில் மருந்து ஏற்றும் குழாய் இருந்தால் இழுபடாமல் பார்க்கவேண்டும். எவ்வளவு அசையலாம் என்று டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு, அதைக் கண்ணாமூச்சியாகவோ, பலூனைக் கீழே விழாமல் தட்டுவதாகவோ, தவழ்ந்து போகும் புலியாகவோ மாற்றிவிடுங்கள். மண், மணல், தொட்டிச்செடி இப்போது வேண்டாம், அவற்றில் பூஞ்சை இருக்கும். துணிப் பொம்மை என்றால் வாஷிங் மெஷினில் போட்டு எடுக்கக்கூடியது. குளியல் பொம்மைகளில் உள்ளே தண்ணீர் தேங்குவதை எடுத்துவிடுங்கள்.

நாளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். இருபது நிமிடம், போன் வேறு அறையில், நீங்கள் தரையில். அவன்தான் முதலாளி. நீங்கள் எதையும் கற்றுக்கொடுக்கவோ கேள்வி கேட்கவோ வேண்டாம். நடப்பதைச் சும்மா சொல்லுங்கள்: "யானை முட்டுது... இன்னும் முட்டுது... மூடி திறக்கல." உங்களுக்கு ஒரு வேஷம் கொடுத்தால், ரகசியக் குரலில் "நான் இப்போ என்ன சொல்லணும்?" என்று அவனிடமே கேளுங்கள். யானையைக் காப்பாற்ற ஓடாதீர்கள். கை துடிக்கும், எனக்கும் ஒவ்வொரு தடவையும் துடிக்கும். ஆனால் நீங்கள் திறந்துவிட்டால் அது உங்கள் விளையாட்டாகிவிடும். "உள்ளே இருக்கிறது ரொம்பக் கஷ்டமா இருக்கும் அதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். சில சமயம் அவன் உங்களைப் பார்ப்பான், சில சமயம் ஒன்றுமே நடக்காது. இரண்டும் சரிதான்.

ஆஸ்பத்திரியில் கேட்டு ஊசி இல்லாத புது சிரிஞ்சுகள் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத் தண்ணீரை உறிஞ்சிப் பெரிய தாளில் பீய்ச்சலாம், பொம்மைக்கு மருந்து கொடுக்கலாம், உங்களுக்கே ஊசி போடலாம். போடும்போது நீங்கள் கத்தவேண்டும், அவன் "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று உங்களைச் சமாதானப்படுத்துவான். அவனுக்கு யார் எப்படிச் சொன்னார்கள் என்பது உங்களுக்கு அப்போது தெரியவரும்.

டேப்லெட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். வலி இருக்கும் நேரத்தில், மருந்து ஏறும் நேரத்தில் அது பெரிய உதவி. தூக்கத்தையும் அந்த இருபது நிமிடத்தையும் தின்னாமல் இருந்தால் போதும். அதை வைத்தே இன்னொரு பிள்ளையோடு சேர்க்கலாம். வீடியோ காலில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து "பேசுடா" என்றால் பேசமாட்டார்கள். கேமராவை முகத்துக்கு வைக்காமல் கைக்கு நேராக வையுங்கள். அங்கே அவன் கட்டைகளை அடுக்கட்டும், இங்கே இவன் அடுக்கட்டும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே எழுதினார், குழந்தைகள் ஒன்றுசேர்ந்து விளையாடுவதற்கு முன்னால் வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக விளையாடுவார்கள் என்று. ஜன்னலில் நிற்பதும் அதில் சேர்த்திதான். முடிந்தால் நீங்களும் போய் நில்லுங்கள், "அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் அழுகுணி ஆட்டம் ஆடுகிறான் பார்" என்று ஏதாவது சொல்லுங்கள். தனியாக நின்று பார்ப்பதுதான் அவனுக்குக் கனக்கும்.

கொரோனாவைச் சொன்னீர்கள். 2020-இல் ஸ்பெயினில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆறு வாரம், ஏப்ரல் 26 வரை, வீட்டு வாசலைத் தாண்டமுடியவில்லை. அப்புறம் நாளுக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்று விட்டார்கள். அது கொடுமைதான், ஆனால் நீங்கள் சொல்வது சரி, அப்போது எல்லோரும் உள்ளே இருந்தார்கள், யாரும் யாரையும் முந்திப் போகவில்லை. இவனுக்கு வகுப்பு போய்க்கொண்டே இருக்கிறது. ஆசிரியரிடம் பேசி, வகுப்பில் அவன் இடத்தை, பெயர் எழுதிய அவன் நோட்டை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

பின்னால் சேருவானா என்று கேட்டீர்கள். சேருவான். விளையாட்டு என்பது பசி மாதிரி. யாக் பாங்க்செப் என்ற விஞ்ஞானி குட்டி எலிகளில் இதைக் காட்டினார், சிறிது காலம் தனியாகப் பிரித்து வைத்த குட்டிகளை மறுபடி சேர்த்தால் வழக்கத்தைவிட அதிகமாக விளையாடுகின்றன. நான் பார்த்த பிள்ளைகளும் அப்படித்தான், திரும்பிப் போன முதல் சில வாரம் அளவுக்கு மீறி ஆடுவார்கள், தள்ளுவார்கள், தோற்றால் அழுவார்கள், முறை வைத்து ஆடுவது மறந்திருக்கும். டாக்டர் அனுமதி கொடுத்ததும் நேராகக் கூட்டத்தில் விடாமல், முதலில் ஒரே ஒரு பிள்ளை, முக்கால் மணி நேரம், நீங்கள் பக்கத்தில் என்று தொடங்குங்கள்.

உங்கள் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மஜ்ஜை கொடுத்தாள் என்று. பள்ளியிலிருந்து வந்ததும் கை கால் கழுவி, உடை மாற்றி, வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்கிற பிள்ளையாக அவள் இருப்பாள் என்று நினைக்கிறேன். அவளும் தோழிகளை வீட்டுக்கு அழைக்க முடியாமல்தான் இருக்கிறாள். தம்பிக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால், தன் மஜ்ஜை சரியில்லையோ, தான்தான் கிருமியைக் கொண்டுவந்தோமோ என்று யோசிப்பாள். கேட்காமல் யோசிப்பாள், பத்து வயதுப் பிள்ளைகள் அப்படித்தான். அவளிடமும் உட்கார்ந்து சொல்லுங்கள், "நீ கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டாய், அதற்குப் பிறகு நடக்கும் எதற்கும் நீ பொறுப்பில்லை" என்று. வாரத்தில் ஒரு மாலை அவளை மட்டும் வெளியே கூட்டிப் போக யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். தம்பியின் விளையாட்டில் அவளை ஒப்புக்குச் சப்பாணியாக வைக்காமல், அவளுக்கு விருப்பமிருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டப்பா வாங்கும்போது இரண்டு வாங்குங்கள். ஒன்று உள்ளே இருப்பது வெளியே தெரியாத மாதிரி, இன்னொன்று கண்ணாடி மாதிரித் தெரிகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும். எதை எடுத்தான் என்று எனக்கு எழுதுங்கள்.